வெள்ளைக் கல்லுக்கு மேலே

மாப்ள,

இன்று காலை வீட்டில் குழம்புக்குச் சோம்பு வறுத்தார்கள். அந்த வாசம் வந்ததும் சாப்பிட உட்கார்ந்தவன் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன். தோசைக்கு என்ன குறை என்று என் மனைவி சலித்துக்கொண்டாள். அவளிடம் என்னவென்று சொல்வது? கடலைப் பிண்ணாக்கையும் மைதாவையும் பிசைந்து, மேலே சோம்புத்தூளைத் தூவி, சுண்டைக்காய் அளவில் உருட்டி வைப்பாயே, அந்தத் தூண்டில் இரையின் வாசம் அது. மீன் வந்ததோ இல்லையோ, ஆற்றோரம் போகிறவர்கள் எல்லாம் "என்னுங்க, குருமாவா கொண்டாந்திருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். நீ சளைக்காமல், "ஆமாங்க, மீனுக்குப் பரோட்டா மட்டுந்தான் பாக்கி" என்பாய்.

எடப்பாடியில் ஒரே கொட்டகையில் பக்கத்துப் பக்கத்துத் தறி நமக்கு. அந்தச் சத்தத்தில் இருபத்திரண்டு வருடம் சைகையிலேயே பேசினோம். தறி நிற்கும் நாளில் உன் ஸ்கூட்டரில் காவிரிக்குப் போனால்தான் உன் குரலே எனக்குக் கேட்கும். டிக்கெட் வாங்கிக்கொண்டு தூண்டில் போடுகிற பண்ணைக் குட்டைக்கு ஒருமுறை கூப்பிட்டேன். "தொட்டியில வளத்த மீனப் புடிக்கறதுக்கு ஊட்டுக் கோழியத் தொரத்தலாம் மாப்ள" என்று சொல்லிவிட்டாய். உனக்கு ஆறுதான் வேண்டும். அதிலும் யாரும் வந்து எழுப்பாத இடம் வேண்டும்.

அப்படிப்பட்ட இடத்தைக் கண்டுபிடிக்க உனக்கென்று ஒரு முறை இருந்தது. பரிசல் கவிழ்த்து வைத்து வலை காயப் போட்டிருந்தால் அது மீன் குத்தகைக்கு விட்ட பகுதி, வண்டியை நிறுத்தவே மாட்டாய். துணி துவைக்கிறவர்கள் இருந்தால் இறங்குவாய். "ஏனுங்க அக்கா, இங்க தூண்டி போட்டா யாராச்சும் தொரத்துவாங்களாங்க?" என்று கேட்பாய். இல்லை என்று யார் சொன்னாலும் அன்று விழுகிற முதல் மீன் அவர்களுக்கு. ஒருநாள் மாலை வரை காத்து ஒரே ஒரு கெளுத்திதான் கிடைத்தது. அதையும் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் கொடுத்துவிட்டு வெறும் பையோடு வந்தாய். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். "எடம் சொன்னவங்களுக்கு மொத மீனு. அதுல பேச்சே இல்ல" என்று முடித்துவிட்டாய்.

பிறகு உன் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. வாரம் இரண்டு நாள் சேலத்துக்குப் போய் ரத்தம் சுத்தம் செய்துகொண்டு வந்தாய். தறியை விட்டாய், ஸ்கூட்டரை எனக்குக் கொடுத்தாய், தூண்டிலை மட்டும் கட்டிலுக்கு அடியிலேயே வைத்திருந்தாய். ஒருநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரே ஒருவாட்டி தூண்டி நரம்ப வீசிட்டு வந்தரலாம் மாப்ள" என்றாய். நான் தயங்கியதும், "தண்ணி குடிக்கத்தான் தடை, பாக்கறதுக்கு இல்லையே" என்று சிரித்தாய். உன் மனைவி என்னைப் பார்த்தாள்.

அன்று மூன்று இடம் போனோம். நமது பழைய துறையில் கம்பிவேலி போட்டிருந்தார்கள். அடுத்த இடத்தில் தண்ணீர் ஏற்றும் மோட்டார் அறை வந்திருந்தது. கடைசியாகக் கதவணைக்குக் கீழே, கரையில் வெள்ளையடித்த கல் ஒன்று நிற்கிறதே, அதற்குக் கொஞ்சம் மேலே சரிவு இறக்கம் கிடைத்தது. ஸ்கூட்டரைத் தண்ணீர் ஓரம் வரைக்கும் இறக்க முடிந்தது. உன்னைத் தோளில் தாங்கி உட்கார வைத்தேன். உன் வீங்கிய விரல்களால் முள்ளில் இரையைக் குத்த முடியவில்லை. நான் குத்திக் கொடுத்தேன். நீ தூண்டிலைத் தூக்கினாய்.

அப்போதுதான் விசில் கேட்டது.

குத்தகைக்காரரின் காவலாள். நம்மைவிட நாலைந்து வயது இளையவர், மரியாதையாகத்தான் பேசினார். "இது குத்தகை எடமுங்கண்ணா. அந்த வெள்ளைக் கல்லுதான் எல்லைங்க. அதுக்குக் கீழ போய்ப் போட்டுக்கோங்க, ஒண்ணும் சொல்ல மாட்டேன்." கல்லுக்குக் கீழே நாற்பது அடிதான். ஆனால் முழுக்கப் பாறை. என்னாலேயே அங்கே இறங்க முடியாது, நீ எங்கே இறங்குவது?

"கல்லுதான் எல்லைன்னு யாரு சொன்னதுன்னு கேளு மாப்ள" என்றாய், மெதுவாக. நான் கேட்கவில்லை. மறுநாள் காலை உனக்குச் சேலம் போக வேண்டும். வாய்த்தகராறு முற்றி உனக்கு ஏதாவது ஆகிவிட்டால்? அப்படித்தான் இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். உண்மை என்னவென்றால், விசிலைக் கேட்டதும் எழுந்துகொள்வது எனக்குப் பழகிவிட்டது. உன் கையிலிருந்து தூண்டிலை நான்தான் வாங்கினேன். "அடுத்த வாரம் நல்ல எடமாப் பாத்து வைக்கறேன்" என்றேன். அடுத்த வாரம் நீ இல்லை.

நாலைந்து மாதம் ஆற்றுப் பக்கமே போகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை எதற்கென்று தெரியாமலே உன் தூண்டிலை எடுத்துக்கொண்டு போனேன். வண்டி அந்தச் சரிவுக்கே கொண்டுபோய் நிறுத்தியது. அதே காவலாள் வந்தார். நான் பையைச் சுருட்டக் குனிந்தேன்.

"உக்காருங்கண்ணா, உக்காருங்க" என்றார். "இது பொது எடமுங்க. போன மாசந்தான் வந்து அளந்தாங்க. நெசமான எல்லைக் கல்லு இன்னும் மேல வேப்பமரத்துக்கிட்டப் பொதருக்குள்ள கெடக்குதுங்க. இந்த வெள்ளைக் கல்லு வெள்ளம் அளக்கறதுக்கு நட்டதாம். மூணு வருசமா நாந்தான் தப்பா நெனச்சு எல்லாரையும் தொரத்தீட்டு இருந்திருக்கறேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்கு நல்ல சேதி சொல்கிறோம் என்றுதான் நினைத்திருப்பார்.

அவர் சட்டையைப் பிடித்திருக்க வேண்டும். முடியவில்லை, மாப்ள. அவர் கல்லைத் தப்பாக நினைத்தார். நீ கேட்கச் சொல்லியும் கேட்காமல் வந்தவன் நான். கேட்டிருந்தால் அவரும் யாரையாவது போனில் விசாரித்திருப்பார். இல்லாமலும் போயிருக்கலாம். ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ ஒருமுறை வீசியிருப்பாய்.

உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்துத் தக்கை முங்கியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு கெண்டை. முள்ளைக் கழற்றிக் கையில் பிடித்த பிறகுதான் நினைவு வந்தது, இடம் சொன்னது யார் என்று. மீன் என் கைக்குள் துள்ளிக்கொண்டே இருந்தது. இதை ஆற்றில் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். பையில் போட்டுக்கொண்டு போய்விடலாமா என்றும் பார்த்தேன். அதில் பேச்சே இல்லை என்று நீதான் முடித்துவிட்டாயே.

எழுந்து போய் அவர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டவர் என் பின்னால் இருந்த ஸ்கூட்டரைப் பார்த்தார். ஏதோ ஞாபகம் வந்த மாதிரி கேட்டார்.

"அன்னிக்கு ஒரு அண்ணனத் தாங்கிப் புடிச்சு இங்க உக்கார வெச்சிருந்தீங்களே, அவுரு வரலீங்களா? இனி இங்கயே வரச் சொல்லுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"சொல்றேனுங்க" என்றேன்.

சொல்லிவிட்டேன், மாப்ள.