ஏழாம் மாடியும் மாஹிம் முதலையும்

மாப்பிள்ளை, ஒருவரும் நம்பப்போகாத கதை ஒன்றை, சூடம் அணைத்துச் சத்தியம் செய்து உமக்கு எழுதுகிறேன். நம் கட்டடத்தில் லிஃப்ட் ஓடுகிறது. இன்று காலை தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினார்கள். அந்த வாசனை ஏழாம் மாடிவரை நிற்கிறது. என் தங்கை, உம் வீட்டுக்காரி, அதில் ஏறவில்லை. காய்கறிப் பையோடு படியில்தான் வந்தாள். நீர் போய்ச் சேர்ந்து நாலு மாதம் ஆகிறது.

கடல் தாண்டி இலங்கைக்குப் போன இந்தியப் பட்டாளத்தில் நீர் இருந்தீர். கண்ணிவெடி உம் வலது காலை எடுத்துக்கொண்டது. தாராவிக்குத் திரும்பிய பின் அதைப் பற்றி வாயே திறக்கமாட்டீர். ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னீர்: "அங்க எங்கள ஏசுனதும் தமிழ்ல, அழுததும் தமிழ்லதான் மச்சான். கேக்கவனுக்கு நீரே வேற எதாச்சும் சொல்லும் வே."

சொன்னேன். மாஹிம் கழிமுகத்தில் டபுள் டெக்கர் பஸ் நீளத்துக்கு ஒரு முதலை உம் காலைக் கவ்வியது. நீர் ஓங்கி விட்ட அறையில் அதற்கு முப்பத்தேழு பல் உதிர்ந்தது, ஒவ்வொன்றும் அம்மிக்குழவி. வருடாவருடம் நீட்டியதில் முதலை லோக்கல் ரயில் நீளமாகிவிட்டது. சந்து முழுவதற்கும் மனப்பாடம். உம் பிள்ளைகளே பள்ளிக்கூடத்தில் அதைத்தான் சொன்னார்கள்.

பிறகு குடிசைகளை இடித்து மாடி கட்டக் கணக்கெடுக்க வந்தார்கள். கால் இழந்தவர்களுக்குத் தரைத்தளம் என்றார்கள். உம் பட்டாளக் காகிதங்கள் வெள்ளத்தில் போயிருந்தன. கால் போன விதத்தை அக்கம்பக்கத்தார் நாலு பேர் சொல்லி, பஞ்சநாமா என்ற சாட்சிப் பத்திரம் எழுதினால் போதும் என்றார் அதிகாரி. நாலு பேரும் நல்ல மனதோடு முதலையைச் சொன்னார்கள். நான் மூச்சிரைக்க ஓடிவந்து, யுத்தம் என்றேன்.

"எந்த யுத்தம், கார்கிலா?"

"இலங்கை, சாகேப்."

"அங்கே நமக்கு என்ன யுத்தம்? இதுவும் முதலைதானா?"

சிரித்துக்கொண்டே பேப்பரைக் குறுக்கே அடித்தார். குலுக்கலில் உமக்கு ஏழாம் மாடி விழுந்தது. லிஃப்ட் இருக்கவேண்டிய இடத்தில் குழி இருந்தது.

ஆறு வருடம் உமக்கு உலகம் ஜன்னல்தான். ஆஸ்பத்திரிக்கு மட்டும் நாற்காலியோடு தூக்கி இறக்கினோம். லட்சம் படி சுமந்தவன் நான் என்று பீற்றிக்கொள்வேன். முக்கால்வாசி சுமந்தவள் தங்கை. கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போர்வையில் இறக்கியபோது அவள் சொன்னாள்: "உங்க வாய்தாண்ணே அவுகள மேல ஏத்துச்சு."

"விடுளா. மொதலைக்கு நம்ம மேல என்ன கோவமோ" என்று நீர் சிரித்தீர். ஏசியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

அந்தக் கதையை இப்போது நான் யாருக்கும் சொல்வதில்லை. அதன் முடிவில், கரையில் கிடக்கும் உமக்கு முன்பின் தெரியாத ஒருத்தி செம்பில் தண்ணீர் கொடுப்பாள். முதலையும் பல்லும் என் சரக்கு. தண்ணீர் உம்முடையது. இலங்கையில் கண்ணிவெடி வெடித்த அன்று காலையில் நீர் கதவை உதைத்துத் திறந்த வீட்டின் பெண் அவள். "குடி தம்பி" என்றாளாம். "அத மட்டும் விட்டுராதேயும்" என்று கேட்டுக்கொண்டீர், விடவில்லை. நாலு சாட்சிகளும் அதையும் சேர்த்தே சொன்னார்கள். அதிகாரி அடித்துப்போட்ட பேப்பரில் அந்த ஒரு வரி மட்டும் உண்மை.