விபத்து என்றுதான் எழுதினேன், ஜோதியக்கா

என் ஜோதியக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. நாம் இரண்டு பேரும் தொடங்கிய செய்தித்தளம் இன்னும் நடக்கிறது. நடக்கிறது என்பதுகூட அதிகம், நொண்டுகிறது. எங்கள் ஊர் வீரசோழனிலிருந்து காலை பஸ்ஸில் அருப்புக்கோட்டைக்கு வந்து, ஜெராக்ஸ் கடை மாடியில் உன் நாற்காலிக்கு எதிரேதான் இன்றும் உட்காருகிறேன்.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். உன் சாவுச் செய்தியை நான்தான் எழுதினேன். அதை எழுதியதற்காக உன் தம்பி வாசு என்னோடு பேச்சை விட்டுவிட்டான்.

நீ கடைசியாக எழுதிய கட்டுரை ஊருக்கே தெரியும். திருச்சுழிப் பக்கத்துக் கண்மாயில் மண் கான்ட்ராக்டர் ஒருத்தர் மூன்றடி மண் அள்ள அனுமதி வாங்கிவிட்டுப் பனைமர ஆழத்துக்குத் தோண்டியிருந்தார். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நாம்தான் அளந்தோம். கட்டுரை வந்து பத்தே நாளில், நல்ல மத்தியான வெயிலில், திருச்சுழி தாலுகா ஆபீஸிலிருந்து ஸ்கூட்டரில் திரும்பும்போது ஒரு கரி லோடு வேனில் அடிபட்டு நீ செத்துப்போனாய்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னை வீட்டுக்குக் கொண்டுவரும் முன்னே வீடியோ வந்துவிட்டது, அக்கா. ‘மண் கொள்ளையைத் தட்டிக் கேட்ட பெண் நிருபர் லாரி ஏற்றிக் கொலை!’ வேனை லாரி ஆக்கியிருந்தார்கள். உன் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மறுநாள் இன்னொரு சேனலில் வேன் டிரைவர் சோலைமுத்துவின் படம், அவர் ஊர்ப்பேர், வீட்டு வாசல். தலைப்பு ‘கூலிப்படை’. அப்படிப் பேசியவர்களில் ஒருத்தர்கூட நீ விழுந்த ரோட்டை வந்து பார்க்கவில்லை.

நானும் நம்பினேன். உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது? கொலை என்று நம்பத்தான் எனக்கு ஆசையாக இருந்தது. கொலை என்றால் நீ எதற்காகவோ செத்தாய் என்று ஆகும். வெளியூர்ச் சேனல்காரர்கள் விடாமல் போன் செய்தார்கள். “கொலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்” என்றார்கள். அதுவரை நம்மை எட்டிப் பார்க்காதவர்களெல்லாம் நம் தளத்தைத் திறந்து, நான் என்ன எழுதப்போகிறேன் என்று காத்திருந்தார்கள்.

மூன்றாம் நாள் அந்த இடத்துக்குப் போனேன். ரோட்டில் சல்லி சிதறிக் கிடந்தது. கருவேல மர நிழலில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் யாரென்று சொன்னதும் எழுந்துவிட்டார்.

“என் ஆடுதாம்மா குறுக்க போச்சு. அந்தப் பிள்ள பிரேக்கப் புடிச்சுச்சு, சல்லியில சறுக்கி விழுந்துச்சு. பின்னால வந்த வேன்காரன் வண்டிய ஒடிச்சுத் திருப்பித்தான் பாத்தான், ஏலல. எறங்கி ஓடியாந்து அவந்தான் மடியில தூக்கி வச்சான். எங்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கலியேம்மா.”

ஒருத்தர் சொன்னதை மட்டும் வைத்து எழுத முடியுமா? கட்டையை மூட்டம் போட்டு எரித்துக் கரியாக்கும் மூட்டக்காரரிடம் போனேன், வேனில் கரி ஏற்றிவிட்டவர் அவர்தான். காலையிலேயே கிளம்ப வேண்டிய லோடாம். மூட்டை குறைந்ததால் மத்தியானமாகிவிட்டது என்றார். நீ தாலுகா ஆபீஸிலிருந்து எப்போது கிளம்புவாய் என்று உனக்கே தெரியாத நாள் அது. அப்புறம் காரியாபட்டிக்கு அந்தப் பக்கம், சோலைமுத்துவின் வீட்டுக்குப் போனேன். போலீஸ் விசாரித்துவிட்டு அவரை அனுப்பியிருந்தார்கள். கதவு உள்பக்கம் பூட்டியிருந்தது. தட்டிப் பேரைச் சொல்லி வெகுநேரம் நின்ற பிறகு அவர் மனைவி பாண்டியம்மா திறந்தார்.

“எத்தன பேரு வாசல்ல நின்னு படம் புடிச்சாக. என்ன நடந்துச்சுன்னு கேட்டது நீங்க ஒருத்தவுகதான்.”

சோலைமுத்து தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாம் சொன்னார். பெரியவர் சொன்னதும் அவர் சொன்னதும் பொருந்தின. நான் எழுந்திருக்கும்போது, “இன்னொண்ணு இருக்கும்மா” என்றார். “அந்த மண் கான்ட்ராக்டருக்கு மூணு மாசம் டிப்பர் ஓட்டிருக்கேன். ஒத்துவரலன்னு நின்னு ரெண்டு வருசமாச்சு. இதையும் எழுதுவீகளா?”

“எழுதணும்ண்ணே.”

அப்போதுதான் தரையிலிருந்து தலையை நிமிர்த்தினார். “அப்ப எழுதிருங்க. மறைச்சம்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக் கூடாது.”

எழுதியதைப் போடும் முன்னால் வாசுவிடம் காட்டினேன். என்னையும் அக்கா என்றே கூப்பிடுகிறவன், அன்றைக்குக் கூப்பிடவில்லை.

“எங்கக்காவுக்கு நியாயம் கேட்டு ஊரே நிக்குது. நீ ஆடு குறுக்க வந்துச்சுன்னு எழுதப் போறியா? எவன் உன்னைய வெலைக்கு வாங்குனான்?”

“நான் விசாரிச்சதைத்தான் எழுதுறேன், வாசு.”

“அப்ப எங்க வீட்டு வாசப்படி மிதிக்காத.”

பதினாறாம் நாள் காரியத்துக்குக்கூட நான் உன் வீட்டுக்கு வரவில்லை. இதுதான் காரணம்.

கட்டுரை வந்தது. அதில் ஒரே ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டார்கள். ‘கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தவன்தான்: ஜோதியின் தோழியே ஒப்புதல்!’ அன்று சாயங்காலமே சோலைமுத்துவின் வீட்டில் கல் விழுந்தது. பாண்டியம்மாவுக்கு நெற்றியில் தையல். வேன் முதலாளி சோலைமுத்துவை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். இன்னொரு பக்கம் கான்ட்ராக்டரின் ஆட்களும் நம் கட்டுரையைத்தான் பரப்பினார்கள்: ‘பாருங்க, விபத்துன்னு அவுகளே எழுதிட்டாக. கண்மாய்க் கதையும் இப்படிப் பொய்தான்.’ அந்த மாதக் கடைசியில் சோலைமுத்து குடும்பத்தோடு திருப்பூருக்குப் போய்விட்டார்.

அந்த வரியை நான் விட்டிருக்கலாமா, அக்கா? விட்டிருந்தால் அந்தக் கல் விழுந்திருக்காதோ? இல்லை, வேறு எவனாவது அதைக் கண்டுபிடித்து, நான் மறைத்தேன் என்று இதைவிடப் பெரிய கல்லாக எறிந்திருப்பானா? நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று தினமும் கேட்டுப் பார்க்கிறேன். உன் குரலில் பதில் வரவில்லை. என் குரல்தான் வருகிறது. அதை நான் நம்புவதில்லை.

போலீஸ் விபத்து என்று வழக்கை முடித்துவிட்டார்கள். அந்த வீடியோக்கள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒருத்தர்கூட தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று சொல்லவில்லை. கண்மாய்ப் பள்ளத்தில் மழைத்தண்ணீர் நிற்கிறது. கரையில் ஒரு எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். உனக்குச் சொல்ல நல்ல சேதி ஏதாவது இருக்காதா என்று தேடித்தான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன்.

போன வாரம் திருப்பூரிலிருந்து பாண்டியம்மா போன் செய்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தே எடுத்தேன்.

“நீங்க எழுதுனத அழிச்சிராதீகம்மா. இங்க வேற வீடு வாடகைக்குக் கேட்ட எடத்துல அந்த வீடியோவக் காட்டி, இது உங்க வீட்டுக்காரர்தானன்னு கேட்டாக. நாங்க நீங்க எழுதுனத எடுத்துக் காட்டுனோம். அந்த வீட்டுக்காரம்மா கண்ணாடியப் போட்டுக்கிட்டு, உக்காந்து முழுசாப் படிச்சாக. படிச்சுட்டுச் சாவியக் குடுத்தாக.”

போனை வைத்துவிட்டு, நீ செத்த அன்றைக்குக்கூட அழாத அழுகையை அழுதேன்.

அந்தக் கட்டுரையில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன், அக்கா. உன்னைப் பற்றி யார் எதைக் கத்தினாலும், நீ எப்படிச் செத்தாய் என்ற உண்மை ஒரு இடத்திலாவது அழியாமல் இருக்கும். வாசு என்றைக்காவது தேடி வந்து படித்தால், நான் உன்னை விற்கவில்லை என்று அவனே தெரிந்துகொள்ளட்டும். அதுவரைக்கும் இந்த நொண்டித் தளத்தை நான் மூட மாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப் பிறக்காத தங்கச்சி,
பாத்திமா