செத்துச் செத்துப் பிழைக்கும் லெப்டொப்

ஒக்டோபர் 2
விஜயதசமி. நேற்றுப் பூசையில் சாமிப் படத்தின் முன் வைத்த லெப்டொப்பை இன்று எடுத்துப் போட்டால் உயிரே இல்லை. தயானி டீச்சர் புதியது வாங்கியதும் என் தலையில் கட்டிய சாமான் இது. நல்ல கண்டிஷன் என்றார். நல்ல கண்டிஷன் என்றால் ஏன் கொடுக்கிறார்? பட்டரி எப்போதோ செத்துவிட்டது, சார்ஜர் செருகியிருந்தால்தான் ஓடும். இப்போது அந்தச் சார்ஜரையும் மதிக்க மாட்டேன் என்கிறது.

17ஆம் திகதி கொழும்புக் கம்பனியின் நேர்முகப் பரீட்சை, ஒன்லைனில். வீட்டிலிருந்தே கணக்குப் பதியும் வேலை. கணினியில் செய்து காட்ட வேண்டும், போனில் முடியாது. கிடைத்தால் அம்மா இனித் தேயிலைக் கொழுந்துக் கூடையைத் தொட வேண்டியதில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் மலை ஏறுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

ஒக்டோபர் 4
மாரிசாமி அண்ணன் வந்தார். த்ரீவீலர் ஓட்டுகிறவர், ஆகவே வயர் உள்ள எல்லாமே அவருக்கு அத்துப்படி. லெப்டொப்பின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, வயரை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தார். லைட் எரிந்தது. உலகத்தையே வென்ற சிரிப்பு. நீலத் திரை வந்தது, தன்னைத்தானே பழுது பார்ப்பதாக எழுதிக் காட்டியது – அணைந்தது. அண்ணன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து அதற்கு ஒரு பொட்டு வைத்தாள். ஆமாம், அதுதான் குறை!

ஒக்டோபர் 7
ஸ்பிரிங்வெளியிலிருந்து பதுளைக்கு, நிற்கவும் இடமில்லாத பஸ்ஸில். ஜௌபர் நானாவின் ரிப்பேர் கடை. கழற்றிக்கூடப் பார்க்கவில்லை மனிதர். தன் சார்ஜர் ஒன்றைச் செருகினார், எரியவில்லை, தீர்ப்பு வந்துவிட்டது.

"மதர்போர்ட் முடிஞ்சிடுச்சி தங்கச்சி. புதுசு ஒண்டு பாருங்க."

புதியவை எல்லாம் அவர் முதுகுக்குப் பின்னாலேயே அடுக்கியிருந்தன. இவர் டொக்டர் ஆகியிருந்தால் பதுளையில் பாதிப் பேரை உயிரோடு புதைத்திருப்பார்.

ஒக்டோபர் 8
இன்னொரு பொட்டு.

ஒக்டோபர் 11
அழுதுவிட்டேன். இந்தச் சனியன நம்பி எதுக்கு அப்ளிகேஷன் போட்டேன்? தோட்டத்து லயத்துல இருக்கிறவளுக்குக் கொழும்பு வேல ஒரு கேடா? பெரிய இவ.

ஒக்டோபர் 13
சார்ஜரைப் பிடுங்கி வீசப் போனேன். அதன் முனையில் மஞ்சளாக ஏதோ தூள். போன் வெளிச்சத்தை லெப்டொப்பின் துளைக்குள் அடித்துப் பார்த்தேன்.

சந்தனம். பூசை நாளிலிருந்து வைத்ததெல்லாம் குங்குமத்தோடு காய்ந்து அப்பிக் கிடந்தது. ஈர்க்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுத்தேன். செருகினேன். வளைக்காமல், தட்டாமல், லைட் எரிந்தது. நீலத் திரை வந்தது, இந்த முறை பழுது பார்த்து முடித்துத் திறந்தே விட்டது.

அம்மா மலையிலிருந்து வந்ததும் கேட்டேன், எத்தனையோ இடம் இருக்க, அந்த ஓட்டையில் ஏன் வைத்தாய் என்று.

"அது வழியாத்தானே அதுக்கு உசுரு ஏறுது" என்றாள். "ஒனக்கு வேல கெடைக்கணும்ல."

மாரிசாமி அண்ணனுக்கும் ஜௌபர் நானாவுக்கும் கைவசம் எவ்வளவோ வசவு வைத்திருந்தேன். இவளுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. டீ ஊற்றிக் கொடுத்தேன். இந்த முழங்காலோடு ஏறி இறங்கி வந்து, என் வேலைக்காகச் சந்தனம் குழைத்திருக்கிறாள். பாவம்.

ஒக்டோபர் 17
முழுப் பரீட்சைக்கும் ஒருமுறைகூட அணையவில்லை. கேள்வி கேட்டவரின் இங்கிலீஷ் என்னுடையதைவிட மோசம். இதற்கா பயந்தேன்?

நவம்பர் 3
கம்பனியின் லெப்டொப் வந்துவிட்டது, புத்தம் புதியது. தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு அம்மா பேர் கொடுக்கப் போகவில்லை. இனிப் போகவும் மாட்டாள். குளித்துவிட்டுச் சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

சார்ஜர் துளையை விரலால் மூடிக்கொண்டு, மேல்மூடியை அவள் பக்கம் திருப்பிக் காட்டினேன்.