தேன்கூட்டுப் படிகத்தில் மிச்சமிருந்த காந்தம்

20.6.78 செவ்வாய்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. ஞாயிறு அண்ணன் கல்யாணம். உத்திரமேரூர் வந்தும் ஆராய்ச்சிக் கணக்கு விடவில்லை. மாடி அறை, நோட்டு, லாக் டேபிள்.

விடை வந்துவிட்டது! தேன்கூடு மாதிரி அணுக்கள் அடுக்கிய படிகம். அடுத்தடுத்த அணுவின் காந்தம் ஒன்று மேலே, ஒன்று கீழே. எவ்வளவு குளிரவைத்தாலும் குவாண்டம் துடிப்பு அடங்காது, அந்த வரிசையைக் கொஞ்சம் தின்னும். என் கணக்கில் முழுசாகவே தின்றுவிட்டது. வரிசையே கிடையாது! சனிக்கிழமை கருத்தரங்கில் என் வழிகாட்டி பேசப் போவது இதைத்தான். சாருக்குக் கடிதம் போட்டாயிற்று. எனக்கு மூளை இருக்கிறது. என் நோட்டில் எனக்கென்ன அடக்கம்.

வாங்க: மஞ்சள், கிராஃப் தாள், அம்மாவுக்குத் தைலம்.

21.6.78 புதன்

வீட்டில் ஒரே பேஜார். கல்யாணப் பத்திரிகை கட்டுக்கட்டாக மிச்சம். பெண் சொந்தத் தாய்மாமன் மகள். நைனா ஒரு லிஸ்ட், மாமா ஒரு லிஸ்ட், இரண்டையும் கூட்டி அச்சடித்திருக்கிறார்கள். கூரத்துப் பெரியம்மாவுக்கு இரண்டு பத்திரிகை போய், அவள் கேலி பண்ணிச் சொல்லியனுப்பியிருக்கிறாள். அம்மா நைனாவைப் பிடித்துக்கொண்டாள்: “ரெண்டு வூட்டுக்கும் ஒரே ஜனம். இன்னாத்துக்கு ரெண்டு தபா எய்தினீங்க?”

சிரித்துக்கொண்டே மாடி ஏறினேன். பாதிப் படியிலிருந்து நோட்டுக்கு ஓடினேன். நானும் இரண்டு தபா எழுதியிருக்கிறேன்!

மேல்நோக்கும் அணுக்கள் ஒரு கூட்டம், கீழ்நோக்குபவை ஒரு கூட்டம். துடிப்பு இரண்டுக்கும் பொது. நான் இரண்டு பக்கமும் எழுதி, ஒரே கூட்டத்தின் தலையில் கட்டியிருக்கிறேன். சரியாகப் போட்டால் காந்தம் பாதிக்குச் சற்றுக் குறைவாக மிச்சம். வரிசை இருக்கிறது. மூன்று தடவை போட்டேன். அதேதான்.

வெட்கம். பயம்கூட. ஆனால் இந்த விடை சரி. சத்தியமாகச் சரி.

22.6.78 வியாழன்

தபாலாபீசில் டிரங்க் கால். இரண்டு மணி நேரம் காத்து, கத்திக் கத்திப் பேசினேன். மணியார்டர் வாங்க வந்தவர்கள் எல்லாம் வேடிக்கை.

கடிதம் சார் கையில். குரலில் அவ்வளவு சந்தோஷம். தப்பைச் சொன்னேன். சார் குரல் இறங்கிவிட்டது.

“வரிசையே இல்லைன்னா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்கம்மா. பாதி மிச்சம்னா யாரு கேப்பாங்க? யாரும் கண்டுபிடிக்கக்கூட மாட்டாங்க.”

“நான் கண்டுபிடிச்சிட்டேனே சார்.”

லைன் அறுந்துவிட்டது. சனிக்கிழமை என்ன பேசுவாரோ. தப்பான விடையில் என் பெயர் வந்தால் தாங்க மாட்டேன்.

23.6.78 வெள்ளி

லேசான தூறல். பந்தக்கால் நட்டாயிற்று. பத்து மணிக்குத் தந்தி.

தந்தி என்றதும் அம்மா வாசலிலேயே உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். நாயனம் நின்றது. நைனாவுக்குப் பிரிக்கக் கை வரவில்லை. பிடுங்கிப் படித்தேன். சார் பாதி மிச்சம் என்றே பேசுகிறாராம். தப்பைப் பிடித்தவள் நான் என்றும் சொல்வாராம்.

“யார்டி போயிட்டது?” அம்மா கேட்டாள்.

“யாரும் போவலம்மா. என் கணக்கு சரியாக்கீது.”

எழுந்து வந்து முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள்.