இன்னைக்குச் செவலை என்ன தின்னுச்சு

அத்தான்,

உடம்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் எனக்குக் கொள்ளு தின்னச் சொல்லியிருக்கிறார். இன்று காலை குக்கர் விசிலடித்ததும் வீடு முழுக்க உங்கள் லாயத்து வாசனை. குதிரைக்கு வைப்பதையெல்லாம் மனுசனுக்கு வைக்க வேண்டியிருக்கிறதே என்று என் வீட்டுக்காரி கேலி செய்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செவலை செத்து இருபது வருசத்துக்கு மேல் ஆகிறது. நீங்கள் போனதும் அதே வருசம்தான்.

கோவில்பட்டிச் சுற்றுப்பட்டில் எந்த ஊர்க் கோயில் கொடையில் குதிரை வண்டிப் பந்தயம் நடந்தாலும் உங்கள் செவலை மட்டக்குதிரை இல்லாமல் நடக்காது. அதைப் பழக்கியது நாம் இரண்டு பேரும். நீங்கள் வண்டியில் உட்காருவீர்கள். நான் பின்னால் சைக்கிளில் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு வருவேன். தகரச் சத்தம் பின்னால் கேட்டால் போதும், முந்த விடாமல் ஓடும். வயசாகி நெஞ்சு பலவீனப்பட்டபோது, இனி முழு ஓட்டம் ஓட விட்டால் பிழைக்காது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார்.

உங்களுக்கும் அதே சமயம் நெஞ்சில் வியாதி முற்றிப் படுக்கையில் விழுந்தீர்கள். என்னைக் கூப்பிட்டு இரண்டே காரியம் சொன்னீர்கள்.

"செவலைக்குச் சின்னப் பிள்ளைய ஏறி மெதுவா நடத்துத வீடாப் பாருல. தகரத்தப் பத்தி மட்டும் ஒருத்தர்ட்டயும் மூச்சு விட்ராத."

ஊர் ஊராக அலைந்தேன். இடைசெவலில் ஒருவர் செங்கல் சுமக்குமா என்று கேட்டார். பாஞ்சாலங்குறிச்சியில் இன்னொருவர், கோட்டை பார்க்க வருகிறவர்களை ஏற்றிப் போட்டோ எடுக்க ஆகும் என்றார். கடைசியில் நாகலாபுரத்தில் பருத்தி போடும் ஒரு சம்சாரி வீடு அமைந்தது. பையனுக்குப் பன்னிரண்டு வயசு, பெண்ணுக்குப் பத்து. அந்தப் பெண் வந்ததும் செவலையின் மூக்கைத் தடவிக் கொடுத்தாள். உங்கள் மனசுக்கு ஏற்ற இடம் என்று நினைத்தேன்.

அதோடு திரும்பியிருக்க வேண்டும். பிள்ளைகளின் அப்பா செவலையை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணாச்சி, நின்னுக்கிட்டே தூங்குது. இதுக்குக் கழுதையே தேவல" என்றார். பந்தயக்காரன் எதையும் பொறுப்பான், தன் குதிரையைச் சொன்னால் பொறுக்க மாட்டான். பருத்தி மருந்துத் தகரம் ஒன்று களத்தில் கிடந்தது. நானே எடுத்துப் பையன் கையில் கொடுத்தேன். பின்னால் போய்த் தட்டு என்றேன்.

செவலை ஓடியது, அத்தான். முதுகில் அந்தப் பெண் பிடரியைக் கட்டிக்கொண்டிருக்க, வண்டிப்பாதையில் கரிசல் தூசி எழும்ப, பழைய ஓட்டம். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். நெஞ்சு நிமிர்ந்து போயிருந்தது எனக்கு.

அன்றைக்கு நீங்கள் கேட்டீர்கள், தகரத்தைப் பற்றிச் சொல்லவில்லையே என்று. இல்லை என்றேன்.

ஐந்தாம் நாள் செவலையைப் பார்க்கப் போனேன். முந்தின நாளே புதைத்திருந்தார்கள். பையன் ஆசை தீர, நாள் தவறாமல் தட்டியிருக்கிறான். கண்மாய்க் கரையில் நுரை தள்ளி விழுந்ததாம். மேலே இருந்த பெண் பருத்திச் செடிகளுக்குள் போய் விழுந்ததால் தப்பினாள். அவள் என் முகத்தையே பார்க்கவில்லை.

உங்களிடம் எப்படிச் சொல்வேன்? சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதத்துக்கு மேல் இருந்தீர்கள். தினமும் சாயங்காலம் நான் வந்து உட்கார்ந்ததும் ஒரே கேள்வி, "இன்னைக்குச் செவலை என்ன தின்னுச்சுல?" நான் ஒவ்வொரு நாளும் ஒன்று சொன்னேன். பிஸ்கட் தின்றது, கேரட் தின்றது, அந்தப் பெண் பிடரியில் சடை பின்னினாள், பையன் ஈ ஓட்டினான். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பீர்கள். அப்புறம், அப்புறம் என்பீர்கள். நோயாளிக்கு ஆறுதலாக இருக்கிறோம் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமைகூட வந்துவிட்டது. கடைசி நாளும் கேட்டீர்கள். கம்பங்கதிர் என்றேன். "சரி, நாளைக்கும் வந்து சொல்லு" என்றீர்கள். விடிவதற்குள் போய்விட்டீர்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அக்கா உங்கள் தலையணைக்கு அடியில் இருந்ததென்று ஒன்றை எடுத்து வந்தாள். செவலையின் கழுத்துச் சலங்கை. அதோடு நாகலாபுரத்துக்குப் போன சலங்கை.

"செத்த மூணாம் நாளே அந்த நாகலாபுரத்துக்காரவிய கொண்டாந்து குடுத்துட்டுப் போயிட்டாவ. ஒங்க மச்சினரு தகரம் குடுத்துச் சொன்ன மாதிரியே ஓடுச்சுன்னும் சொன்னாவ" என்றாள். பிறகு, "நான் ஒன்ட்டச் சொல்லதுக்கு வந்தேன். அவியதான் தடுத்துட்டாவ. அவன் எம்புட்டு நாளைக்குச் சொல்லுதாம்னு பாப்பம்னாவ."

உங்கள் மேல் எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. இப்போதும் அது முழுக்கப் போகவில்லை. நான் கொன்றது ஒரு தரம். நீங்கள் என்னைத் தினமும் உட்கார வைத்துத் தகரம் தட்டினீர்கள், நானும் நிற்காமல் ஓடினேன்.

சலங்கை அக்கா வீட்டில் இருக்கிறது. என்னிடம் இருப்பது வேறு. நாளைக்கும் வந்து சொல் என்றீர்களே, அந்த நாளைக்கென்று வீடு திரும்பும் வழியிலேயே ஒன்று யோசித்து வைத்திருந்தேன். அந்தப் பெண் கொள்ளு வேகவைத்துத் தன் கையாலேயே ஊட்டினாள் என்று.