நின்ற வண்டி குடித்த பெட்ரோல்

ஜூன் 8, 2025

இன்றைக்கும் இருபதுதான். டேங்க்கை வாய்வரை நிரப்பி, ஓட்டி, மறுபடி அதே பங்கில் அதே குழாயில் வாய்வரை நிரப்பிக் கணக்குப் போட்டேன். விளம்பரத் தாளில் லிட்டருக்கு இருபத்தேழு என்று அச்சடித்திருக்கிறார்கள். சோதனைக்கூடம் சான்றளித்த எண்ணாம். மிச்சம் ஏழு கிலோமீட்டர் எங்கே போயிற்று?

சோதனைக்கூடத்தில் வண்டியை உருளைகள்மேல் நிறுத்தி ஓட்டுவார்கள். ஏசி போட மாட்டார்கள். குறுக்கே ஆடு வராது. கல்லூரியில் பௌதிகம் நடத்துகிறவனுக்கு இதெல்லாம் தெரியாமல் இல்லை. இரண்டு குறைந்தால் ஒப்புக்கொள்வேன். மூன்று என்றாலும் வாயை மூடிக்கொள்வேன். ஏழு என்பது ஏமாற்று.

ஏசி போடுவதில்லை. கண்ணாடியையும் இறக்குவதில்லை, இறக்கினால் காற்று இழுக்கும். ஐம்பதுக்கு மேல் போவதில்லை. இலத்தூர் விலக்கில் ஒரு டிராக்டர் என்னை முந்திப் போனது. ஓட்டியவன் திரும்பிப் பார்த்தான்.

மீனாவைக் கல்யாணம் செய்து இருபத்தாறு வருஷம். அவளுக்கென்று வாங்கிய முதல் கார். "நீங்க பைய வாங்க, நான் பஸ்ஸுல முன்னால போயிருதேன்" என்கிறாள்.

ஜூன் 11

கல்லூரிக்கு ஸ்கூட்டர்தான். இரண்டு கிலோமீட்டருக்காகக் காரை எடுத்தால் இன்ஜின் சூடாவதற்குள் கல்லூரி வந்துவிடும், மைலேஜ் நாசம். இந்த நியாயம் துறைத்தலைவருக்குப் புரியாது. என்னைவிட ஒன்பது வருஷம் இளையவர். கல்லூரி ஆய்வகத்தில் கால்வனோமீட்டரை எப்படிப் பிடிக்க வேண்டும் என்று நான்தான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

"கார் வாங்கினீங்கல்லா சார்?"

"வீட்டில் நிற்கிறது."

"பத்திரமா நிக்கட்டும் சார்."

சிரிக்காமல்தான் சொன்னார். அதையும் குறித்து வைக்கிறேன்.

ஜூன் 15

சாரல் தொடங்கிவிட்டது. காலையில் தனியாகக் குற்றாலம் போனேன். குளிக்கப் போகவில்லை, நெரிசலுக்காகப் போனேன். ஊர்ந்து போனால் இந்த ஹைபிரிட் வண்டி பெட்ரோலைத் தொடாமல் பாட்டரியிலேயே நகரும். வேன்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். எல்லோரும் யாரையாவது திட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நிம்மதியாக இருந்தவன் நான் ஒருவன்தான். மெயின் அருவி வரைக்கும் முப்பத்தொன்று கொடுத்தது. ஆனால் ஒரு வாரத்துக் கணக்கில் மறுபடியும் இருபதுக்கு இறங்கிவிடுகிறது.

வண்டிக்குள் லேசாக முறுக்கு வாசனை. புது பிளாஸ்டிக் சூடானால் இப்படித்தான் மணக்கும் போலிருக்கிறது.

ஜூன் 16

இரவுச் சாப்பாட்டின்போது மீனா சொன்னாள்:

"வேல்விழிக்கு ஆவணியில கல்யாணம் வச்சிருக்காங்களாம்."

"யார் சொன்னா?"

"ஊர்ல சொல்லுதாங்க."

வேல்விழி, மீனாவின் தங்கை உலகம்மாளின் மகள். உலகம்மாளின் புருஷன் உமாசங்கர், என் சகலை. ஆய்க்குடியில் உரக்கடை வைத்திருக்கிறான். தை மாதம் புதுக் காருக்குப் பூஜை போட ஆய்க்குடி முருகன் கோயிலுக்குப் போயிருந்தோம். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. அதை நசுக்கி வண்டியை நகர்த்திவிட்டு நான் இறங்கிய நேரத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்: "அண்ணாச்சி, இருபத்தேழுங்கிறது பேப்பர்ல ஓட்டுறதுக்கு. ரோட்டுல அதைக் குடுத்தா எம்பேரை மாத்தி வச்சுக்கிடுதேன்." குருக்கள்கூடச் சிரித்தார்.

நான் சிரிக்கவில்லை. "இன்னைலருந்து நீயோ உன் பொண்டாட்டியோ என் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றேன். "நீங்களே வந்து கூப்பிட்டாலும் மிதிக்க மாட்டோம்" என்றான் அவன். மீனா நசுங்கிய எலுமிச்சம்பழத்தைக் குனிந்து எடுத்து ஓரமாகப் போட்டாள்.

கல்யாணத்துக்குப் புருஷன் பெண்டாட்டி இருவரும் வீடு ஏறி வந்து, வெற்றிலை பாக்கு வைத்த தட்டைக் கையில் கொடுத்து அழைக்க வேண்டும். சொந்தப் பெரியம்மாவானாலும் அப்படி அழைக்காமல் போக முடியாது.

"வாசப்படி மிதிக்காம எப்படி அழைப்பாங்க?" என்றாள் மீனா. ரசத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"வண்டி இருபத்தேழு குடுக்கட்டும். நானே ஆய்க்குடிக்குப் போயி அவன் மூஞ்சிக்கு நேரா காமிச்சிட்டு, தட்டை வாங்கிட்டு வாரேன்."

"குடுக்காட்டி?"

"குடுக்கணும். அச்சடிச்சிருக்காம்லா."

ரசத்தில் உப்பில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூன் 29

இருபது.

ஜூலை 1

திருநெல்வேலி சர்வீஸ் சென்டர். அங்கே ஜோஷ்வா என்று ஒரு மேலாளர், டை கட்டியிருந்தார். "ஓட்டுற விதத்தைப் பொறுத்தது சார்" என்றார். அவர் பிறப்பதற்கு முன்பிருந்து நான் ஓட்டுகிறேன் என்று சொன்னேன். "அதான் சார்" என்றார்.

என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து நாலுவழிச் சாலையில் அவரே ஓட்டிக் காட்டினார். ஏசி வேறு போட்டார். இருபத்தாறு கொடுத்தது. வண்டியை நிறுத்திவிட்டு அந்த எண்ணை விரலால் தட்டிக் காட்டினார், நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் மாதிரி.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. அவன் கைக்கு இருபத்தாறு, என் கைக்கு இருபது. வண்டிக்கும் என்மேல் ஏதாவது வருத்தமா?

ஜூலை 4

கண்டுபிடித்துவிட்டேன்.

நேற்று இரவு நிறுத்தியபோது, கடைசியாக டேங்க் நிரப்பியதிலிருந்து சராசரி 24.1 என்று திரை காட்டியது. இன்று மாலை கல்லூரியிலிருந்து வந்து சாவியைப் போட்டுப் பார்த்தேன். 23.2. ஓடிய தூரம் அப்படியே இருக்கிறது. ஒரு மீட்டர்கூட நகரவில்லை. யாராவது டேங்க்கிலிருந்து உறிஞ்சியிருந்தால் இந்த எண் மாறாது. இன்ஜின் எரித்த பெட்ரோலைத்தான் இது கணக்கில் எடுக்கும். அப்படியானால் நான் இல்லாத நேரத்தில், நின்ற இடத்திலேயே, இன்ஜின் ஓடியிருக்கிறது.

வண்டி தானாக ஸ்டார்ட் ஆகிறது. உற்பத்திக் குறைபாடு. இனி கம்பெனிக்காரன் தப்ப முடியாது. நுகர்வோர் ஆணையத்துக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். இரண்டு பக்கம் வந்திருக்கிறது. "உரிமையாளர் இல்லாத வேளையில் வாகனம் சுயவிருப்பத்தின்பேரில் இயங்குகிறது" என்ற வாக்கியம் எனக்கே பிடித்திருந்தது.

மீனாவிடம் கேட்டேன்: "பகல்ல ஷெட்டுல ஏதும் சத்தம் கேக்குதா?"

"அந்த வண்டியிலதான் சத்தமே வராதே."

உண்மைதான்.

ஜூலை 9

கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும் என்று லீவு போட்டேன். வழக்கம்போல ஸ்கூட்டரில் கிளம்பி, தெருவைச் சுற்றி, பக்கத்து வீட்டுக்காரர் முகம்மது மீரானின் மாடிக்குப் பின்பக்கமாகப் போய்விட்டேன். அங்கிருந்து எங்கள் கார் ஷெட் நேராகத் தெரியும். மீரான் துபாயில் இருந்து திரும்பியவர், எதற்கும் அவசரப்படாதவர். இன்றைக்கு மட்டும் அவசரப்பட்டார்.

"வண்டி தானா எங்கயாவது ஸ்டார்ட் ஆவுமா சார்? வாங்க, கீழ உக்காந்து சாயா குடிப்போம்."

"சாயா அப்புறம்."

"வெயிலா இருக்கு சார்."

தூறிக்கொண்டிருந்தது.

பதினோரு மணி வாக்கில் உலகம்மாள் வந்தாள். கையில் தூக்குவாளி, ஒரு ஜவுளிப் பை. மீனா கேட்டைத் திறந்துவிட்டாள். உலகம்மாள் நேராக வந்து, எங்கள் வாசல்படிக்கு முன்னால் நின்று, அதைச் சுற்றிக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள். தரையில் கோடு போட்டு வைத்த மாதிரி சுற்றினாள். பழகிய நடை. இரண்டு பேரும் காரின் பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

முன்கண்ணாடி வழியாகத் தெரிந்தது. பையிலிருந்து புடவை ஒவ்வொன்றாக வெளியே வந்தது. மீனாவின் தோளில் ஒரு பட்டுப்புடவையை வைத்துப் பார்த்தாள் உலகம்மாள். தூக்குவாளியிலிருந்து இரண்டு பேரும் எடுத்து எடுத்துத் தின்றார்கள். முறுக்காகத்தான் இருக்க வேண்டும். மீனா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. அப்புறம் உலகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மீனா அவள் தலையைக் கோதிவிட்டாள். வண்டியடியில் ஏசித் தண்ணீர் சொட்டியது. ஒரு தடவை இன்ஜின் லேசாக உறுமி அடங்கியது. என் இருபத்தேழு அந்த இடத்தில்தான் எரிந்துகொண்டிருந்தது.

மீரான் என் பின்னால் நின்றார். "தைலருந்து வாராங்க சார். படியில காலு வைக்கல. நாங்க எல்லாரும் பாக்குதோம்லா."

எல்லாரும். தெருவே.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குற்றாலம் போனேன். குளிக்கவில்லை. பாலத்தோரம் நின்றேன். சாரலில் சட்டை நனைந்துவிட்டது. மாலையில் மீனா கேட்டாள், "காலேஜ் பக்கம் மழையா?" ஆமாம் என்றேன்.

ஜூலை 10

வாசல்படி என்றுதான் சொன்னேன். கார் என்று சொல்லவில்லை.

ஜூலை 13

இன்றைக்குக் கேட்டுவிட்டேன். மூன்று நாள் பொறுத்தது என் ஆயுசுக்கே அதிகம்.

மீனா பதறவில்லை. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னீங்க. மிதிக்கல. முன்சீட்டுல உங்க இடத்துலகூட உக்காரல."

"ஏசிய வேற போட்டு..."

"நீங்கதான சொன்னீங்க, இந்த வண்டி நின்னா பெட்ரோலே குடிக்காதுன்னு. வாங்கின அன்னைக்கு மீரான் அண்ணாச்சிகிட்ட, பால்காரன்கிட்ட, எல்லார்கிட்டயும் சொன்னீங்கல்லா."

சொன்னேன். இன்ஜின் அணைந்திருக்கும் வரைதான் குடிக்காது, ஏசி பாட்டரியைக் காலி செய்தால் இன்ஜின் தானே எழுந்து சார்ஜ் ஏற்றும். அந்தப் பாதியை யாருக்கும் சொல்லவில்லை. பெருமையடிக்கும்போது பாதியைத்தானே சொல்வோம்.

"இருபத்தேழு குடுத்தா கல்யாணத்துக்குப் போவோம்னு சொன்னேன். அதை நீயே கெடுத்துட்டே. வாய மூடிக்கிட்டு இருந்திருந்தா..."

"கல்யாணத்துக்குப் போவதுக்காண்டி தங்கச்சிகூடப் பேசாம இருக்கணுமோ?"

  முப்பது வருஷம் பாடம் நடத்தியவன். அடுப்பு அணைந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன்.

"சரி" என்றாள். "அவளை இனிமே வர வேண்டாம்னு சொல்லிருதேன். உங்க இருபத்தேழை எடுத்துக்கிடுங்க." ஆணியில் தொங்கிய கார் சாவியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். தூக்கிப் போடவில்லை, வைத்தாள். தூக்கிப் போட்டிருக்கலாம்.

ஜூலை 20

25.8. வீட்டில் பேச்சில்லை.

ஜூலை 27

26.3. மீனா நேற்று இரண்டு வார்த்தை பேசினாள். "கேஸ்." "தீந்துட்டு."

ஆகஸ்ட் 3

27.1

புளியரை வரைக்கும் போய்த் திரும்பி, டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டேன். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். திரையையும் போட்டோ எடுத்தேன். பங்கில் பெட்ரோல் போட்ட பெண்ணிடம் காட்டினேன். "நல்லாருக்கு சார், வண்டியைக் கொஞ்சம் முன்னால எடுங்க" என்றாள்.

வீட்டுக்கு வந்து மீனாவிடம் சொன்னேன். "சந்தோசம்" என்றாள். கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அப்புறம் ஷெட்டுக்குப் போய்ப் பின்சீட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். ஏன் போனேன் என்று தெரியவில்லை. சீட்டு இடுக்கில் ஒரு முறுக்குத் துண்டு கிடந்தது. நமத்துப்போயிருந்தது. தின்றேன்.

ஆகஸ்ட் 6

ஆய்க்குடி. உரக்கடைக்கு எதிரே நிறுத்தினேன். நல்ல மழை. இறங்கி அவன் கடைப்படி ஏற என்னால் முடியாது. அவனும் இறங்கி வர மாட்டான். கொஞ்ச நேரம் அவன் யூரியா மூட்டைகளுக்கு நடுவிலும் நான் வைப்பர்களுக்குப் பின்னாலும் உட்கார்ந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசியில் குடையை விரித்துக்கொண்டு வந்து கண்ணாடியைத் தட்டினான்.

"என்ன அண்ணாச்சி, வழி தெரியாம வந்துட்டீங்களா?"

"ஏசி போட்டிருக்கேன். ஏறும்."

ஏறினான். குடையிலிருந்து தண்ணீர் வண்டியின் கால்விரிப்பில் வடிந்தது.  அவன் திரையைப் பார்த்தான். கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தான்.

"இருபத்தேழு காட்டுதே."

"காட்டும். பேசப் பேசக் குறையும்."

அவனுக்கு விளங்கியது. உலகம்மாள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள் போலும். வெளியே பார்த்துக்கொண்டு சொன்னான்: "அவ மூணு வாரமா சாப்பிடவே மாட்டேங்கா அண்ணாச்சி. முகூர்த்தப் புடவை எடுக்க அக்கா இல்லாம போவ மாட்டேன்னு இருக்கா. நானும் கோயில்ல வச்சு ஒரு வார்த்தை கூடுதலாத்தான் பேசிட்டேன். ஆனா உங்க வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சொன்னது சொன்னதுதான்."

"நானும் மிதிக்கக் கூடாதுன்னு சொன்னது சொன்னதுதான்."

"பொறவு?"

இன்ஜின் எழுந்து அடங்கியது.

"ஷெட்டுக்குப் படி கிடையாது" என்றேன்.

ஆகஸ்ட் 10

காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். வாசல்படியைச் சுற்றிக்கொண்டு இருவரும் ஷெட்டுக்கு வந்தார்கள். அவர்கள் பின்சீட்டில், நானும் மீனாவும் முன்சீட்டில். உலகம்மாள் தட்டை இரண்டு சீட்டுக்கும் நடுவே நீட்டினாள். வெற்றிலை, பாக்கு, பழம், தேங்காய், மஞ்சள், பத்திரிகை. நான் திரும்பி வாங்கியபோது கழுத்து பிடித்துக்கொண்டது. "குடும்பத்தோட வந்து நடத்திக் குடுங்க அத்தான்" என்றாள் உலகம்மாள். மீனா எட்டி அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தேங்காய் உருண்டு பெடலுக்கடியில் போய்விட்டது. உமாசங்கரும் நானும் குனிந்து தேடினோம்.

மீரான் மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நல்ல தூறல்.

ஆகஸ்ட் 17

நுகர்வோர் ஆணையத்துக்கு எழுதிய புகார் கையில் கிடைத்தது. சுயவிருப்பம் என்ற சொல்லை மட்டும் ஒரு தடவை படித்துவிட்டு உள்ளே வைத்தேன். கிழிக்கவில்லை. அந்த ஜோஷ்வாவை நான் இன்னும் மறக்கவில்லை.

சாவி மறுபடி ஆணியில் தொங்குகிறது. நான்தான் மாட்டினேன்.

செப்டம்பர் 4

வேல்விழி கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரைக் குற்றாலம் லாட்ஜிலிருந்து மண்டபத்துக்குக் கூட்டிவரும் வேலை என் தலையில். நாலு நடை. ஐந்து பேர் உட்காரும் வண்டியில் ஆறு பேர், மடியில் சீர்த்தட்டு, ஏசி முழு வேகத்தில். மீனாவும் உலகம்மாளும் மண்டபத்து வாசலிலும் காருக்குள்ளேயே உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தார்கள். வண்டி நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது.

சாப்பாட்டுக்கு அப்புறம் மாப்பிள்ளையின் மாமா, அச்சன்புதூர்க்காரர், காரைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஹைபிரிட்டா? என்ன சார், சொல்லுத மாதிரி குடுக்கா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உமாசங்கர் முந்திக்கொண்டான். "இருபத்தேழு குடுக்கு வே. நான் கண்ணால பாத்தேன்."

திரையில் பதினான்கு காட்டிக்கொண்டிருந்தது. நான் கதவருகே போய் அதை மறைத்தபடி நின்றுகொண்டேன்.