போ மூஞ்சி

அன்புள்ள அம்மா,

லண்டனில் நான் சௌக்கியம். அப்பாவின் இருமல் குறைந்ததா?

இன்று வார்டில் ஒரே கூத்து. பயிற்சி நர்ஸ் சிரிக்கக் கூடாது என்பது தலைமை நர்ஸ் மிஸ் ஹார்டிங்கின் சட்டம். அதனால் நானும் உம்மென்றுதான் திரிகிறேன். கால் முறிந்து கிடக்கும் பஸ் டிரைவர் டாப்லி என்னைப் பார்த்ததும், "வந்துட்டாய்யா போ மூஞ்சி" என்றார். சிரிக்காத உம்மணாமூஞ்சியை இங்கிலீஷில் அப்படிச் சொல்வார்களாம். நம் 'போ' இல்லை, இது இங்கிலீஷ் 'போ'; எங்கிருந்து வந்தது என்று கேட்டேன்.

"'போ'ன்னு அலட்சியமா உதட்டைப் பிதுக்குறோமே, அதுலேர்ந்து வந்துது" என்றார் பக்கத்துக் கட்டில் வாத்தியார்.

"யோவ் படிச்சவரே, கட்டிலுக்கடியில வைக்கிற மூத்திரச் சட்டிக்கும் போன்னுதானே பேரு? வெள்ளையா, வட்டமா இருக்கு. என்னிக்காவது அது சிரிச்சுப் பாத்திருக்கீரா?" என்றார் டாப்லி.

அந்தச் சட்டி அப்போது என் கையில்தான் இருந்தது. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை, வார்டே சிரித்தது. திரும்பினால் மிஸ் ஹார்டிங் நிற்கிறார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவரோ விஷயத்தைக் கேட்டுவிட்டு, "என்னையும் எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. காரணம் இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. போய்ச் சட்டியைக் கழுவு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று வெளியே போனார். கதவுக்கு அந்தப் பக்கம் அவர் சிரித்தது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ஊர்க்கதையும் நிறைய எழுதுங்கள், எதுவானாலும் சரி. மணி அடிக்கிறது, ஓடுகிறேன். இங்கே வந்தபின் இன்றுதான் சிரித்தேன், அம்மா.

உங்கள்
வின்னி